சூட்டால் ஓட்டத்தை அளக்கும் சிறு கருவிகள்



சூடான பாலை ஊதி ஆற்றிக் குழந்தைக்குப் புகட்டும் தாயை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மெல்ல ஊதினால் பால் மெல்ல ஆறும்; விரைந்து ஊதினால் விரைந்து ஆறும். இது யாவரும் அறிந்த செய்தி. இதனையே தலைகீழாகத் திருப்பிக் கேட்டால் என்ன? பால் எவ்வளவு விரைவாக ஆறுகிறது என்பதைக் கொண்டு, தாய் எவ்வளவு வேகமாக ஊதினாள் என்று சொல்லிவிட முடியுமா? முடியும். அவ்வாறு சொல்லும் கருவிகள் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. அவற்றுட் சில, நம் தலைமயிரைக் காட்டிலும் மெல்லியவை. சூட்டைக் கொண்டு ஓட்டத்தை அளக்கும் அச்சிறு உணரிகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

அதற்கு முன், என் வகுப்பறையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பணியில் அமர்ந்த இரண்டாம் ஆண்டு அது. ஒரு சிறு சோதனைக் குழாயில் சிறிது வெந்நீரை ஊற்றி, அதில் வெப்பமானியை நிறுத்தி, அது காட்டிய அளவை மாணவர்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, வெப்பமானி குளிர்ந்திருந்ததே. அதைச் சூடேற்ற இந்த வெந்நீர்தானே தன் சூட்டைக் கொடுத்திருக்கும்? அப்படியானால் நாம் இப்போது குறித்துக்கொண்டது எதன் சூடு?” என்று கேட்டான். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்த நான், “தேர்வுக்கு வராததைக் கேளாதே, உட்கார்” என்றேன். அவன் அமர்ந்தான். அவ்வாண்டு முழுவதும் அவன் என்னிடம் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

அவன் கேட்டது எத்துணைப் பெரிய கேள்வி என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். குழாயில் 80 டிகிரி சூடுள்ள 5 மில்லிலிட்டர் நீர் இருப்பதாகவும், வெப்பமானியின் குமிழ் அரை மில்லிலிட்டர் நீர் ஏற்கும் வெப்பத்தை ஏற்பதாகவும், அது முதலில் 30 டிகிரியில் இருந்ததாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து சமநிலை அடையும்போது வெப்பமானி காட்டுவது ஏறத்தாழ 75½ டிகிரியே. நாலரை டிகிரி எங்கே போயிற்று? அளக்க வந்த கருவியே அதனைக் கொண்டுவிட்டது. அளக்கும் கருவி தான் அளக்கும் பொருளையே மாற்றிவிடுகிறது. இவ்விடர்ப்பாடு, நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட கருவிகளின் வரலாறு நெடுகிலும் நிழல்போல் தொடர்ந்து வருவதைக் காண்பீர்கள்.

நீர், எண்ணெய் முதலிய திரவங்களையும், காற்றுப் போன்ற வாயுக்களையும் சேர்த்துப் பாய்மம் என்று வழங்குகிறோம். பாய்மத்தின் வேகத்தை அளக்கப் பழைய முறைகள் பல உண்டு. வானிலை நிலையங்களில் சுழலும் கிண்ணங்களைப் பார்த்திருப்பீர்கள். காற்று கிண்ணத்தைத் தள்ளுகிறது, கிண்ணம் சுழல்கிறது, சுழற்சியை எண்ணி வேகத்தை அறிகிறோம். நல்ல கருவிதான். ஆயினும், மென்காற்று அதனை அசைக்காது. வலிய காற்று சட்டென நின்றாலும் கிண்ணம் உடனே நில்லாது. ஒரு நொடிக்குள் நூறுமுறை மாறும் வேகத்தை அது எவ்வாறு சொல்லும்? ஒரு குழந்தையின் மூச்சுக்குழலுக்குள் அதனை எங்ஙனம் வைப்பது?

இங்கேதான் ஊதி ஆற்றும் தாயின் உத்தி கைகொடுக்கிறது. மெல்லிய உலோகக் கம்பி ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்திச் சூடேற்றி, அதனைக் காற்றோட்டத்தின் குறுக்கே வைக்கிறோம். காற்று அதனைக் குளிர்விக்கிறது. உலோகத்தின் மின்தடை சூட்டோடு மாறும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள். ஆகவே, அக்கம்பி ஒரே நேரத்தில் அடுப்பாகவும் வெப்பமானியாகவும் விளங்குகிறது. கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லூயி வெசோ கிங் என்பார், மெல்லிய பிளாட்டினக் கம்பிகளைக் கொண்டு இதனை நுணுகி ஆராய்ந்து, 1914-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். கம்பி இழக்கும் வெப்பத்தில் ஒரு பகுதி காற்று அசையாதபோதும் இழக்கப்படுவது. மற்றொரு பகுதி ஓட்டத்தைச் சார்ந்தது. அப்பகுதி வேகத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமைகிறது என்று அவர் காட்டினார். அதாவது, வேகம் நான்கு மடங்கானால் அப்பகுதி இரு மடங்காகும். இதற்கு இன்றும் கிங் விதி என்றே பெயர்.

கம்பியின் சூட்டைக் குறையவிட்டு அளப்பதைக் காட்டிலும், அதனைக் குறையாமல் காப்பதே சிறந்த முறை என்று பின்வந்தோர் கண்டனர். உங்களுக்குப் பழக்கமான வீட்ஸ்டன் சமனச்சுற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நான்கு புயங்களுள் ஒன்று இச்சூட்டுக் கம்பி. காற்று விரைந்தால் கம்பி குளிரத் தலைப்படுகிறது; மின்தடை குறைகிறது; சமநிலை கெடுகிறது. உடனே ஒரு மின்பெருக்கி கூடுதல் மின்னோட்டத்தைச் செலுத்திப் பழைய சூட்டை மீட்டுவிடுகிறது. எவ்வளவு கூடுதலாகச் செலுத்த வேண்டியிருந்தது என்பதிலிருந்து காற்றின் வேகம் தெரிகிறது. காற்றே தன் சூடு மாறி வந்தால் என் செய்வது? சூடேற்றாத இன்னொரு கம்பியை அருகில் வைத்துக் காற்றின் சூட்டையும் உடன் அளந்து, கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இனி, இக்கருவியை ஏன் சிறிதாக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். காரணங்கள் மூன்று. முதலாவது, பெரிய கருவி ஓட்டத்தை மறிக்கும், சிறியது மறிக்காது. இரண்டாவது, சிறியது விரைந்து உணரும். கம்பியின் விட்டத்தைப் பாதியாக்கினால், ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்திலும் உள்ள உலோகம் கால் பங்காகிறது. சூடேறவும் ஆறவும் வேண்டிய பொருள் குறையக் குறைய, கம்பி காற்றின் ஒவ்வொரு துடிப்பையும் உடனுக்குடன் காட்டுகிறது. மூன்றாவது, சிறியது நுணுக்கமாகக் காணும். கொந்தளிக்கும் காற்றில் பெரிய சுழிக்குள் சிறிய சுழி, அதற்குள் இன்னும் சிறிய சுழி என்று பல படிகள் உண்டு. தன்னைவிடச் சிறிய சுழிகளை ஒரு கம்பியால் பிரித்தறிய இயலாது. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரியையே சொல்லும். மரக்காலைக் கொண்டு குங்குமப்பூவை அளக்கப் புகுந்தது போலாகும்.

அப்படியானால் மேன்மேலும் சிறிதாக்கிக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் வடிவமைப்போரின் அறிவு சோதிக்கப்படுகிறது. ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகப் பயன்படும் டங்ஸ்டன் கம்பி ஏறத்தாழ 5 மைக்ரான் விட்டமும் ஒரு மில்லிமீட்டர் நீளமும் உடையது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். இக்கம்பியின் இரு முனைகளையும் தாங்க இரு முட்கள் வேண்டும். கம்பியின் சூட்டில் ஒரு பகுதி காற்றுக்குச் செல்லாமல் அம்முட்களுக்கு ஓடிவிடுகிறது. கம்பியைக் குட்டையாக்கினால் இந்த இழப்பு மிகுந்து, கருவி காற்றைப் பற்றிச் சொல்லாமல் தன் கால்களைப் பற்றியே சொல்லத் தொடங்கிவிடும். ஆகவே, நீளம் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கேனும் இருத்தல் வேண்டும் என்பது நெடுங்கால வழக்கு. நீளத்தைக் குறைக்க விரும்பினால் விட்டத்தையும் குறைத்தாக வேண்டும். விட்டத்தைக் குறைத்தால் கம்பி எளிதில் அறுந்துபோகும். ஒரு தூசியே அதற்கு எமனாகிவிடும்.

வேறு தொல்லைகளும் உள. காற்று மிக மெதுவாக, நொடிக்குச் சில சென்டிமீட்டரே நகரும்போது, சூட்டுக் கம்பியைச் சுற்றியுள்ள காற்று தானே சூடேறி மேலெழுகிறது. ஓட்டத்தை அளக்க வந்த கருவி தானே ஓர் ஓட்டத்தை உண்டாக்கிவிடுகிறது! நீரிலோ, கம்பியை மிகையாகச் சூடேற்றினால் குமிழிகள் தோன்றி அதனை மூடிக்கொள்ளும். ஆதலால் நீரில் ஏறத்தாழ 20 டிகிரி மட்டுமே மிகையாகச் சூடேற்றி, வெறுங்கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடியின்மேல் படிந்த உலோக ஏட்டை, குவார்ட்சு மேற்பூச்சுடன் பயன்படுத்துகிறார்கள். என் மாணவன் கேட்ட கேள்வி எத்தனை வேடங்களில் வருகிறது, பாருங்கள்.

இத்தனை இடர்களுக்கிடையே இக்கருவி செய்த ஓர் அரிய செயலைச் சொல்லுகிறேன். விமானத்தின் இறக்கையை ஒட்டிச் செல்லும் காற்று முதலில் அடுக்கடுக்காக அமைதியுடன் செல்கிறது. பின்னர் எங்கோ ஓரிடத்தில் கொந்தளிப்பாக மாறுகிறது. மாறினால் உராய்வு மிகும், எரிபொருள் வீணாகும். இம்மாற்றம் எப்படித் தோன்றுகிறது? கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய அலைகள் அவ்வமைதியான படலத்தில் தோன்றி, வளர்ந்து, முடிவில் அதனைக் கலைக்கின்றன என்று ஜெர்மனியில் டோல்மீன் 1929-ஆம் ஆண்டிலும், ஷ்லிக்டிங் 1933-ஆம் ஆண்டிலும் கணிதத்தால் கூறினர். ஆனால், அவ்வலைகளை ஒருவரும் கண்டதில்லை. காணாத ஒன்றைப் பலர் ஐயுற்றனர்.

1940-ஆம் ஆண்டையொட்டி, வாஷிங்டன் நகரிலிருந்த தேசியத் தர நிர்ணய நிலையத்தில் ஷுபாவர், ஸ்க்ராம்ஸ்டட் என்னும் இருவர் இதனை ஆராய்ந்தனர். முன்னைய சோதனைகளில் அலைகள் ஏன் தென்படவில்லை? காற்றுச் சுரங்கத்தில் வீசிய காற்றே கொந்தளிப்பு உடையதாக இருந்தது. அவ்விரைச்சலில் மெல்லிய அலைகள் மறைந்துபோயின. எனவே, காற்று வரும் வழியில் நுண்ணிய வலைத்திரைகளை அமைத்து, வேகத்தின் ஏற்ற இறக்கத்தைப் பதினாயிரத்தில் சில பங்காகக் குறைத்தனர். தட்டையான தகட்டை ஒட்டிச் சில மில்லிமீட்டர் தடிப்பே உடைய படலத்துக்குள் சூட்டுக் கம்பியை வைத்தனர். மின்திரையில் ஒழுங்கான அலை தோன்றியது. பின்னர், உலோக நாடா ஒன்றைத் தகட்டருகே அதிரச் செய்து, தாமே அலைகளை எழுப்பி, கணிதம் சொன்னவாறே சில அலைகள் வளர்வதையும் சில தேய்வதையும் கண்டனர். போரின் காரணமாக மறைவாக வைக்கப்பட்டிருந்த இச்செய்தியை 1947-ஆம் ஆண்டில் உலகம் அறிந்தது. ஐயம் அகன்றது. இவ்வளவுக்கும் துணை நின்றது, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒரு கம்பி.

கம்பியை ஒவ்வொன்றாகக் கையால் முட்களில் பொருத்துவது பொற்கொல்லரின் பொறுமையை வேண்டும் வேலை. அதற்கு மாற்றாக, மின்னணுச் சில்லுகளைச் செய்யும் முறையிலேயே உணரியையும் செய்யலாமே என்னும் எண்ணம் எழுந்தது. 1974-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டினரான வான் புட்டன், மிடல்ஹூக் என்போர் சிலிக்கான் சில்லின்மேல் அமைந்த காற்று வேக உணரியை வெளியிட்டனர். சிலிக்கானில் ஒரு குறை உண்டு: அது வெப்பத்தை நன்கு கடத்தும். நடுவில் வைத்த சூடு சில்லு முழுவதும் பரவிவிடும். ஆகவே பின்வந்தோர், சூடேறும் பகுதியின் அடியிலிருந்த சிலிக்கானை வேதிப்பொருளால் அரித்தெடுத்துவிட்டு, ஏறத்தாழ ஒரு மைக்ரான் தடிப்புள்ள சிலிக்கான் நைட்ரைடு ஏட்டை மட்டும் தோல்போல் விட்டுவைத்தனர். அவ்வேடு வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். முரசின் தோல்மேல் வைத்த பொறிபோல, சூடு அங்கேயே தங்குகிறது.

இவ்வகை உணரி ஓட்டத்தின் திசையையும் சொல்லும். எவ்வாறெனில், மார்கழிப் பனியில் சருகைக் கொளுத்திக் குளிர்காய்வோரை எண்ணிப் பாருங்கள். காற்று இல்லையேல் தீயின் இரு பக்கமும் அமர்ந்தோர்க்கு ஒரே அளவு சூடு. காற்று வீசினாலோ, காற்று போகும் பக்கம் இருப்பவர்க்கு அனல் மிகும். காற்று வரும் பக்கம் இருப்பவர்க்குக் குறையும். அவ்வாறே ஏட்டின் நடுவில் ஒரு சூடேற்றி. அதன் இரு மருங்கிலும் இரு வெப்பமானிகள். இரண்டின் வேறுபாடு ஓட்டத்தின் வேகத்தையும் திசையையும் ஒருங்கே தெரிவிக்கிறது. ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. ஓட்டம் மிக விரைந்தால் இருபக்கமும் குளிர்ந்துவிடும். வேறுபாடு மேலும் வளராது. மெல்லோட்டத்திற்கு இம்முறையும், கடுவோட்டத்திற்குக் கிங் காட்டிய முறையும் ஏற்றவை.

சிறுமையின் எல்லையைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், சுழிகளின் இயல்பை அறியக் காற்றை நம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 200 மடங்கு வரை அழுத்திப் பெருங்குழாயில் செலுத்தும் அமைப்பு ஒன்று உண்டு. அவ்வோட்டத்தின் சிறு சுழிகள் மிக நுண்ணியவை. ஒரு மில்லிமீட்டர் கம்பி அவற்றைக் காணாது. ஆதலின் அங்குள்ளோர், 60 மைக்ரான் நீளமும், 2 மைக்ரான் அகலமும், ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு தடிப்பும் உடைய பிளாட்டின இழையை வடித்தனர். ஒரு தலைமயிரின் குறுக்கே அதனைப் படுக்க வைத்துவிடலாம்!

நேயர்களே, இவையெல்லாம் அறிஞர்தம் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுபவை என்று எண்ணிவிட வேண்டா. நிறைமாதம் காணாமல் பிறந்த, ஒரு கிலோகிராம் எடையே உள்ள குழந்தையை நினைத்துப் பாருங்கள். அது ஒரு மூச்சில் உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ 5 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டி அளவு. அதன் நுரையீரல் தானே இயங்க வலுவற்றிருந்தால், மருத்துவர்கள் செயற்கைச் சுவாசக் கருவியைப் பொருத்துகிறார்கள். காற்று சிறிது மிகுந்தால் மென்மையான நுரையீரல் ஊறுபடும். சிறிது குறைந்தால் மூச்சுப் போதாது. அந்தத் தேக்கரண்டிக் காற்றை மூச்சுக்கு மூச்சு அளப்பவற்றுள் சூட்டுக் கம்பி உணரியும் ஒன்று. குழந்தையின் வாயருகே, சுவாசக் குழலின் முனையிலேயே அது அமர்ந்திருக்கிறது.

அங்கும் அதே கேள்வி காத்திருக்கிறது. உணரிக்குள்ளும் சிறிது இடம் உண்டு. குழந்தை வெளிவிட்ட காற்று அங்கே தங்கி, மறுமூச்சில் மீண்டும் உள்ளே செல்கிறது. அவ்விடம் ஒரு மில்லிலிட்டர் என்றால், ஐந்தில் ஒரு பங்கு நல்ல காற்றைக் கருவியே எடுத்துக்கொண்டதாகும். பெரியவர்களுக்கு இது பொருட்டன்று. அச்சிறு உயிருக்கோ அது பெரும்பகுதி. எனவேதான் வடிவமைப்போர் ஒரு மில்லிலிட்டரின் பின்னங்களுக்காகப் போராடுகின்றனர். மூச்சின் ஈரம் கம்பியில் படிந்தால் அளவு பிழைபடும். அதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே சிறுமை என்பது அழகுக்காகவோ விந்தைக்காகவோ அன்று. அது குழந்தையின் பங்கைக் கருவி பறிக்காதிருக்கும் பொருட்டு.

பின்வரிசையில் எழுந்து நின்ற அம்மாணவன் இன்று எங்கிருக்கிறான் என்பதை அறியேன். இப்பேச்சு அவன் செவிக்கு எட்டுமாயின், இதுவே நான் காலந்தாழ்த்தித் தரும் விடை: “தம்பி, அன்று நாம் குறித்துக்கொண்டது வெந்நீரின் சூடன்று, வெந்நீரும் வெப்பமானியும் பங்கிட்டுக்கொண்ட சூடு. நீ கேட்டது சரி. உன்னை உட்காரச் சொன்னது பிழை.”

மாணவச் செல்வங்களே, ஒரு செய்முறைப் பணியை உங்களுக்குத் தருகிறேன். ஒரே வெந்நீரைப் பெரிய பாத்திரத்திலும் சிறு சோதனைக் குழாயிலும் நிரப்பி, தனித்தனியே வெப்பமானியை இட்டு அளந்து பாருங்கள். இரண்டும் வேறுபட்டால், அவ்வேறுபாட்டை ஏட்டில் எழுதுங்கள். ‘சரியான விடை’க்காக அழித்துவிடாதீர்கள். ஏன் வேறுபட்டது என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, அவ்வாறு கேட்டு எழுந்து நிற்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள்.